திண்ணையில் இருந்தவர்களைக் கேட்கவில்லை

கடற்கரை ஊர்களை விட்டு வந்து பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பிழைக்கும் நமக்குக் கடாரம் நன்றாகத் தெரியும். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் அங்கே போன பெருமையை வாட்ஸ்அப்பில் ஓயாமல் அனுப்பிக்கொள்கிறோம். அந்தக் கப்பலில் சுக்கான் பிடித்தவர் இருட்டில் எதைப் பார்த்துத் திசை அறிந்தார் என்று பிள்ளைகள் கேட்டால் விழிக்கிறோம். சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார்கள். நாம் கேட்கவில்லை.

வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கச்சான். தாத்தாக்களுக்கு இவை வெறும் பெயர்கள் அல்ல. எந்தக் காற்றில் பாயை எப்படிக் கட்டுவது, எந்த மாதம் எது மாறும், எப்போது கரை திரும்ப வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அவற்றுள் இருந்தது.

மாலுமிகளின் திசைகாட்டி வட்டத்தை 32 கூறாக்குகிறது. ஒரு கூறு பதினொன்றேகால் பாகை. அராபியர் அந்த 32ஐயும் வானத்தில் வைத்தே அறிந்தார்கள். துருவ மீன் வடக்கு. மற்ற மீன்கள் எழும் இடங்கள் கிழக்குப் பாதி, மறையும் இடங்கள் மேற்குப் பாதி. தமிழ் மாலுமிகளிடமும் இப்படியொரு விண்மீன் வட்டம் இருந்ததை எழுதி வைத்தவர் மும்பைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி. அருணாசலம். சோழமண்டலக் கரையோடிகளின் கருவிகளை 1850இல் சென்னை இதழொன்றில் விவரித்தவர் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர். அவற்றுள் ஒன்று இராப்பலகை. முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகை அது. கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்தினால், பொருந்துகிற முடிச்சே துறைமுகத்தைச் சொல்லும். தூத்துக்குடியில் துருவ மீன் ஏறத்தாழ ஒன்பது பாகை உயரம், சென்னையில் பதின்மூன்று. இவ்வளவு எளிய, இவ்வளவு துல்லியமான அறிவு! நம்மவரிடம் இருந்ததை நாம் அருணாசலம், காங்கிரீவ் எழுத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குமரிக் கரையில் கணியம் பார்ப்பார்கள். கோயில் கோபுரத்தை மலையோடும், வேறொரு கரையடையாளத்தை இன்னொன்றோடும் நேர்கோட்டில் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத பார் என்னும் பாறைத்திட்டைக் கடலடியில் கண்டுபிடிப்பார்கள். சம்பளப் பணத்தில் ஜிபிஎஸ் வாங்கி அனுப்பியபோது, "இனி அதெல்லாம் எதுக்குப்பா?" என்றோம். கருவி அனுப்பியது தப்பில்லை. அது உயிர் காக்கிறது. இதே பெங்களூரின் மறுகோடியில், பியாலாலுவில், நாவிக் என்ற நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்காக இஸ்ரோ 2013இல் திறந்த வழிகாட்டு மையத்தை நினைத்தால் நமக்கும் பெருமைதான். ஆனால் கருவியைக் கொடுத்த கையோடு தாத்தாக்களின் பேச்சையும் நிறுத்தினோமே, அந்தக் குற்றம் நம்முடையது.

தூத்துக்குடியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டிய தண்டல்களில் மிஞ்சியவர்கள் தள்ளாத வயதில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் பேருந்து ஏறும் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குரலைப் பதியும் போன் இருக்கிறது. வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே வீசும் காற்றை என்னவென்று அழைத்தார்கள், மேகம் மூடி ஒரு வெள்ளியும் தெரியாத இரவில் எதை நம்பிச் சுக்கானைப் பிடித்தார்கள் என்று இந்தப் பொங்கலுக்காவது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்.