ஞாயிற்றுக்கிழமைச் சீடர்கள்

காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள கூரம் ஒரு சிற்றூர். ஆனால் அதன் கீர்த்தி பெரிது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகளால் சரித்திர ஆசிரியர்கள் அவ்வூரை அறிவார்கள். கூரத்தாழ்வானால் பக்தர்கள் அறிவார்கள். செப்பேடு நிலதானத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆழ்வானின் வாழ்க்கையோ, சீடன் என்பவன் யார் என்ற கேள்விக்கு விடை கூறுகிறது. அந்த விடை எந்தச் சமயத்தாருக்கும் பயன்படும். கிறிஸ்தவ அன்பர்களுக்கும் பயன்படும்.

ஆழ்வான் பெருஞ்செல்வர். அத்தனையையும் துறந்து, ராமாநுஜரை நாடித் திருவரங்கம் புறப்பட்டார். வழியில் காட்டைக் கண்டு மனைவியார் ஆண்டாள் அஞ்சினார். மடியில் கனம் உண்டோ என்று கணவர் கேட்டார். அவர் உணவருந்துவதற்கென்று ஒரே ஒரு பொன் வட்டிலை அம்மையார் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கி எறிந்துவிட்டு மேலே நடந்தார் ஆழ்வான் என்கிறது குருபரம்பரை வரலாறு. பின்னொரு நாள், குருவுக்கு வரவிருந்த ஆபத்தைத் தாம் ஏற்று, குருவின் காவியை உடுத்திச் சோழன் சபைக்குச் சென்றார், கண்களை இழந்தார். அரசனைத் தூண்டிவிட்டவன் நாலூரான். பிற்காலத்தில் காஞ்சி வரதனிடம் ஆழ்வான் கேட்ட வரம், தாம் பெறும் பேற்றை அந்த நாலூரானும் பெற வேண்டும் என்பதே!

பற்றை விடுதல், பிறருக்காகத் துன்பம் ஏற்றல், பகைவனுக்கும் நன்மை வேண்டுதல் ஆகிய இம்மூன்றையும் இயேசுநாதரும் தம் சீடர்களிடம் கேட்டார். தேவனுடைய ராஜ்யம் என்று அவர் சொன்னது செத்த பிறகு போய்ச் சேரும் ஊரை மட்டுமன்று. மாவில் கலந்த புளிப்பைப் போலவும், மண்ணில் விழுந்த கடுகு விதையைப் போலவும் இங்கேயே, இப்போதே வேலை செய்கிற ஒன்று அது. அவர் கற்பித்த ஜெபமும் அப்படிப்பட்டதே. அந்த ராஜ்யம் பூமியில் வரவேண்டும் என்ற வேண்டுதலை அடுத்து, அன்றாட ஆகாரமும் பிறர் குற்றத்தை மன்னிப்பதும் அதில் வருகின்றன. சோறும் சண்டையும் தினசரிக் காரியங்கள் அல்லவா? ஆகவே ராஜ்யமும் தினசரிக் காரியமே.

நடைமுறையில் என்ன காண்கிறோம்? ஞாயிறன்று கோயிலில் ஒரே பந்தியில் அப்பம் உண்பவர்கள், திங்களன்று சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறார்கள். சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-ல் பிஷப் டானியல் வில்சன் கண்டிப்பாக எழுதினார். அதற்காகச் சபையை விட்டே வெளியேறியவர்கள் உண்டு. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியும் நோய் முற்றும் தீர்ந்தபாடில்லை.

வெள்ளையர், இந்தியர் என்ற பேதமும் ஒரு காலத்தில் சபைகளில் இருந்தது. 1910-ல் எடின்பரோ மாநாட்டில், நமது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் அசரியா, மிஷனரிகளிடம் பணத்தையோ படிப்பையோ கேட்கவில்லை, நட்பைக் கேட்டார். அதற்குச் செயலால் பதில் சொன்னவர்களும் உண்டு. 1921-ல், அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. நிறுவியவர்கள் இரு வைத்தியர்கள்: தமிழரான டாக்டர் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பாரெஸ்டர் பேட்டன். தமிழரை ஜனங்கள் ‘பெரியண்ணன்’ என்றார்கள். வெள்ளையரைச் ‘சின்னண்ணன்’ என்றார்கள். அடிமைத் தேசத்தில் ஆளும் இனத்தவர் ஒருவர் தம்பி ஸ்தானத்தை மனமுவந்து ஏற்றார் என்றால், அதைவிடப் பெரிய பிரசங்கம் வேண்டுமா?

இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள், ஏழை நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் நம் நாட்டுக் கோயிற்பாணியில் கோபுரத்துடன் விளங்குகிறது. 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில், கதர் அணிந்து நின்ற சின்னண்ணனைப் போலீசார் அடித்தார்கள்; விஷயம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை போயிற்று. உடுத்திய துணியின் பொருட்டு அடிபட்டவர் கூரத்தாழ்வான் மட்டும் அல்லர்!

எல்லோரும் ஆசிரமம் புக முடியுமா என்று சிலர் கேட்கலாம். புக வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்காத வியாபாரி, மட்டச் சரிகையை அசல் என்று சாதிக்காதவர், தறியில் குனிந்து முதுகு நொந்தவனுக்கு உரிய கூலியை இழுத்தடிக்காமல் கொடுக்கும் முதலாளி, வாங்கிய முன்பணத்துக்கு ஒழுங்காக நெய்து கொடுக்கும் நெசவாளி ஆகிய இவர்கள் இருக்குமிடத்தில்தான் அந்த ராஜ்யத்தின் சட்டம் அமலில் இருக்கிறது. வழக்காடிய அண்ணன் தம்பி மறுபடி பேசிக்கொள்ளும் திண்ணையும் அதன் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

இவற்றில் நஷ்டம் உண்டு என்பதை மறைப்பானேன்? நேர்மைக்குச் சில சமயம் லாபம் குறையும். சாதி பாராதவருக்கு உறவு முறியும். மன்னித்தவனைக் கோழை என்பார்கள். நஷ்டமே இல்லாத பக்தி, வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காட்டைக் கடக்கப் பார்ப்பதாகும், பயம் விடாது.

ஞாயிறு ஆராதனை வேண்டியதே. ஆனால் அங்கே வணங்கிய அரசனுக்குத் திங்கட்கிழமைக் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டா? ஒவ்வொருவரும் தத்தம் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது.