உடன் வந்த நாயும் உடன் வராத நாயும்

உயர்தர வகுப்பில் பயண இலக்கியம் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அமெரிக்காவுல ஒருத்தரு நாய மட்டும் கூட்டிக்கிட்டு, வீடு மாதிரி வண்டியில ஊரெல்லாம் சுத்தினாராமே, அதுவும் இலக்கியந்தானா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. யான் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடையை வகுப்பறையில் முழுமையாகச் சொல்ல நேரமில்லாமற் போயிற்று. ஆதலின் இங்கே எழுதுகின்றேன்.

அவன் குறித்தது ஜோன் ஸ்டீன்பெக் என்னும் நாவலாசிரியரை. 1960 ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஐம்பத்தெட்டு வயதில், தம் நாட்டைத் தாமே மறந்துவிட்டோமோ என்னும் ஐயத்துடன் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். உறங்கவும் சமைக்கவும் வசதியாகக் கூண்டு பொருத்திய வண்டி ஒன்றைச் செய்வித்து, டொன் கிஹோட்டேயின் குதிரைப் பெயரான ரொசினாண்டே என்பதையே அதற்கும் சூட்டினார். துணைக்குச் சார்லி என்னும் முதிய பூடில் நாய். பிரான்சிற் பிறந்த அந்நாய்க்குப் பிரெஞ்சு மொழியில் இட்ட கட்டளையே விரைவில் விளங்குமாம்! ஏறக்குறைய பத்தாயிரம் மைல் சுற்றிவந்து அவர் எழுதிய நூல் 1962 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது.

அந்நூலில் வட சமவெளியைக் கடக்கும் பகுதி படிக்கத் தக்கது. வட டக்கோட்டாவில் மிசூரி ஆற்றின் ஒரு கரை கிழக்குத் தேசம், மறு கரை மேற்குத் தேசம் என்று கண்டு வியக்கின்றார். மொன்டானாவை அடைந்ததும் அதன்மேற் காதலே கொண்டுவிடுகின்றார். எனினும் என் நெஞ்சில் நின்றது அச்சமவெளிக்கு வெகு கிழக்கே, நயாகராவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். கனடாவின் ஊடாகக் குறுக்கு வழியே செல்ல எண்ணி எல்லையை அணுகினார். நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி இட்டதற்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்டனர். இல்லை. சான்றிதழில்லா நாயைத் திரும்பவும் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்பதை அறிந்ததும் அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். நாயை விட்டுச் செல்வது என்னும் எண்ணம் அவரிடத்தில் எழவேயில்லை.

அவர் நூலின் மெய்ம்மையைப் பற்றி ஒரு வழக்கும் உண்டு. பில் ஸ்டைகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர் 2010 இல் அதே வழியே சென்று ஆராய்ந்து, ஸ்டீன்பெக் பல இரவுகளை நல்ல விடுதிகளிலும், இடையிடையே மனைவியுடனும் கழித்தார் என்றும், நூலில் வரும் உரையாடல்கள் பல கற்பனை என்றும் எழுதினார். 2012 இல் வந்த பதிப்பின் முன்னுரையும் அந்நூலை எழுத்துக்கு எழுத்து உண்மையென்று கொள்ளலாகாது என எச்சரித்தது. பயண நூல் என்று பெயரிட்டவர் பயணத்தையே சொல்லியிருத்தல் வேண்டும். இதில் ஸ்டைகர்வால்ட் பக்கமே நியாயம். ஆயினும் அவர்மேற் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை. காரணம் பின்னே வரும்.

நாயை உடன்கொண்டு செல்லும் பயணம் நமக்குப் புதிதன்று. மகாபாரதத்தின் இறுதியில் தருமன் நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை யாவரும் அறிவர். (வில்லிபுத்தூரார் பதினெட்டாம் நாட் போரோடு நிறுத்திக்கொண்டமையால் அவர் பாரதத்தில் அந்நாயைத் தேடுவார் ஏமாறுவர்.) நம் தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தின் மூலக்கதையிலோ பொன்னாச்சி என்னும் சிறு நாய் வருகின்றது. பன்றி வேட்டைக்குப் போனவர்கள் அதனை விட்டுப் போயினர், வேட்டை பலிக்கவில்லை, திரும்ப அழைத்த பின்னரே கொம்பன் வீழ்ந்தது. விட்டுச் செல்லப்பட்ட நாயின் சினத்தை நம் பாமரக் கதைஞன் அறிந்திருந்தான்.

ஆனால் நாமே புறப்பட்ட பயணத்தில் நடந்தது என்ன? நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, வட சமவெளியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்கு வந்தனர். 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, அவ்வழியைப் போற்றினோம். நன்று. அதே சமவெளியை எதிர்த்திசையிற் கடந்த கோச்சியை நினைந்து நடந்தவர் யார்? 1948 இல் குடியுரிமை இழந்த மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஒப்பந்தமாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாருக்குச் சென்ற வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டவர் எந்தப் புலவரும் அல்லர். மேடையில் நின்று அழுத மக்களே. ஒப்பந்தம் ஆட்களைத்தான் எண்ணிற்று.

1982 இல் எனக்குப் பதினொரு வயது. எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவிலிருந்த குடும்பம் றொசல்ல ஸ்டேஷனிற் கோச்சி ஏறிற்று. அவர்கள் வளர்த்த மணி என்னும் நாய் தகரப் பெட்டிகளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. அந்த வீட்டுத் தாத்தா கயிற்றை என் கையிற் கொடுத்து, "தம்பி, கோச்சி வளைவு தாண்டுற வரைக்கும் விட்டுறாதப்பா" என்றார். யான் விட்டுவிட்டேன். இழுத்த இழுப்பிற் கை எரிந்தது, அவ்வளவுதான். அது வட்டவளைப் பக்கமாகத் தண்டவாளத்தின் வழியே ஓடிற்று. மூன்றாம் நாள் திரும்பி வந்து, பூட்டிய காம்பராவின் இஸ்தோப்பிற் படுத்தது. என் தாயார் வைத்த ரொட்டியைத் தின்னும். ஆனால் எங்கள் வாசலுக்கு வராது. மழைக்காலம் முடியுமுன் இறந்தது. லயத்தின் பின்னே புதைத்தோம்.

அதன் பின்னரே கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. சுகம் விசாரித்த அடுத்த வரியிலேயே, மணி சாப்பிடுகின்றதா என்ற கேள்வி. எழுத்தறிந்தவன் யான் ஒருவனே. என் தகப்பனார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நல்லா இருக்குன்னு எழுதுடா" என்றார். எழுதினேன். நன்றாக உண்கிறது என்றும், மாலையில் ஸ்டேஷன் வரை போய்வருகிறது என்றும், அவர் சொல்லாததையும் சேர்த்தெழுதினேன். யான் இயற்றிய முதல் உரைநடை அதுவே. இரண்டு ஆண்டுகள் கடிதந்தோறும் அந்நாய் உயிரோடிருந்தது. 1984 இற் கப்பலும் நின்றது. கடிதங்களும் மெல்ல நின்றன.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். ஆம், அதுவும் இலக்கியந்தான். ஸ்டீன்பெக் எந்த இரவை எந்த விடுதியிற் கழித்திருப்பினும், நாயின் பொருட்டு வண்டியைத் திருப்பக்கூடிய உரிமை ஒரு குடிமகனுக்கு இருந்தது என்பதை அந்நூல் காட்டுகின்றது. தாத்தாவுக்குத் திருப்ப வண்டி இல்லை. நம் ஆய்வாளர் பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒப்பந்தத் தொகைகளையும் செவ்வனே எழுதியுள்ளனர். நாய், பூனை, கறவை மாடு, தொட்டியிலிருந்த ரோசாச் செடி ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இவற்றை அறிந்தோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தோர். ஒரு தவணைக் கட்டுரைக்கு இதனையே தலைப்பாக ஆசிரியர்கள் கொடுக்கலாகாதா? மரபுத்தொடர்களை மனனஞ் செய்து எழுதும் "யான் கண்ட கனவு" சில ஆண்டுகள் ஓய்ந்திருக்கட்டும்.

யான் என் வகுப்பிற் கொடுத்துவிட்டேன். பின் வாங்கிலிருந்து வினவியவனே முதலில் எழுதிவந்தான். அவன் பாட்டியின் தமையனார் புறப்பட்டபோது ஒரு கிடாரிக் கன்றை விட்டுச் சென்றாராம். அவர் போன ஆண்டு எது என்று பாட்டிக்கு நினைவில்லை. கன்றின் பெயர் இலட்சுமி என்பது நினைவிருந்தது.