எட்டு மணிக்குக் கரையும் சாட்சி

மார்கழி பிறந்தால் கோவையில் மப்ளர்கள் வெளியே வந்துவிடும். வெப்பநிலை 18 டிகிரிக்கு இறங்கினாலே "என்னங்க இப்படிக் குளுருது!" என்று கைகளைத் தேய்த்துக்கொள்கிற ஊர் இது. அதே ஊர்தான், ஊட்டிப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படம் வந்த மறுநாள் நள்ளிரவில் காரைக் கிளப்பிக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிக்கிறது. விடியுமுன் தலைகுந்தாவில் இறங்கி, உறைந்த புல்லைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து ஒரு செல்ஃபி. 'மினி காஷ்மீர்' என்று தலைப்பிட நாளிதழ்களுக்கும் ஆண்டுதோறும் சலிப்பதில்லை.

பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே விடியற்காலையில் பக்கத்துச் சரிவில் ஒரு சிறு தேயிலை விவசாயி, முந்தின நாள் வெட்டி வந்து செடிகள்மேல் பரப்பிய தாகைச் செடிகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடியில் கொழுந்து உறையாமல் இருந்தால் தப்பித்தது. தாகை போதாத வரிசைகளில் இரண்டு மூன்று நாளில் இலை தீய்ந்து கறுக்கும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மூடக் கோத்தகிரி மிலார் செடி இருக்கிறது, பணியாளர்கள் இருக்கிறார்கள், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்க ஸ்பிரிங்ளர் இருக்கிறது. அரை ஏக்கர்காரருக்கு இருப்பது தாகையும் வீட்டாட்களும்தான்.

உறைபனி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வேகமாக இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டுத் தோட்டம் பிழைக்க, அரை கிலோமீட்டர் கீழே பள்ளத்துத் தோட்டம் கருகுகிறது. மலையின் சொந்தப் புல்லுக்கு இது பழகிய கதை. சோலைக்காடு புல்வெளிக்குள் பரவாமல் நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று சூழலியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1819-ல் நீலகிரி ஏறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து வந்து சேர்ந்த இங்கிலீஷ் காய்கறிகளில் சிலவற்றுக்கும், பின்னால் வந்த தேயிலைக்கும் அந்தப் பழக்கம் இல்லை. உருளைக்கிழங்குச் செடி ஓரிரவில் துவண்டுவிடும்.

இப்போது பருவமும் தடம் மாறுகிறது. வழக்கமாக நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, பிறகு உறைபனியாகும். 2023-24 குளிர்காலத்தில் அது ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வந்ததும் ஊட்டிப் பக்கம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி, தாவரவியல் பூங்காவில் 2 டிகிரி. அடுத்த மூன்றரை மாதத்தில், 2024 ஏப்ரல் 29 அன்று, அதே ஊட்டியில் 29 டிகிரி வெயில். 1951 முதலான பதிவுகளில் அதுவரை அவ்வளவு வெப்பம் அங்கு பதிவானதில்லை.

அந்த '1 டிகிரி'யில்தான் சிக்கலே. வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உருளைச் செடி நிற்பது முழங்கால் மட்டத்தில். பெட்டிக்குள் 2, 3 டிகிரி காட்டும்போதே புல் நுனியில் தண்ணீர் உறைந்திருக்கும். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, மலைப்பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை 0 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ போய், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் அது குளிர் அலை. ஆக, தோட்டம் கருகினாலும் அலுவலகக் கணக்கில் அது ஒரு சாதாரணக் குளிர்நாள்.

நிவாரணத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பட்டியலில் புயல், வெள்ளத்தோடு உறைபனியும் குளிர் அலையும் உண்டு. 2022-26 காலத்துக்கான அளவுப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், இறவைக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஆனால் தேயிலைச் செடி சாவதில்லை. கொழுந்துதான் வாரக்கணக்கில் போகிறது. அதை எந்தச் சதவீதத்தில் அடைப்பது? பறிக்கக் கொழுந்தில்லாமல் கூலி இழக்கும் பெண்களுக்கோ ஹெக்டேரே கிடையாது.

சேதத்தை நிரூபிப்பதும் எளிதல்ல. கனடாவின் டொராண்டோவில் 1999 ஜனவரியில் இரண்டே வாரத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் பனி கொட்டியபோது மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே அழைத்தார். நாடே அவரைக் கேலி செய்தது வேறு கதை. ஆனால் அங்கே விழுந்த பனி தெருவில் குவிந்து கிடந்தது, அளவுகோல் வைத்து அளக்க முடிந்தது. நீலகிரியில் விழும் பனி காலை எட்டு மணிக்குள் கரைந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலர் வரும்போது ஈர மண்ணும், இன்னும் கறுக்காத இலையும்தான் இருக்கும்.

கேட்க வேண்டியது பெரிய திட்டம் எதுவுமில்லை. புல் மட்டத்தில் வைக்கும் வெப்பமானி வானிலைத் துறைக்குப் புதிய பொருளல்ல. அவற்றைப் பள்ளங்களில் வைத்து, அந்த அளவைக் கொண்டே உறைபனியைப் பதியலாம். வேளாண் காலநிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் "இன்றிரவு இந்தப் பள்ளத்தில் பனி விழும்" என்று விவசாயியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போனால், தாகை வெட்ட நேரம் கிடைக்கும். சேதத்தைப் பனி விழுந்த மறுநாள் போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இலை கறுத்த பிறகும் ஒருமுறை பார்க்க வருவாய்த் துறை விதி வகுக்க வேண்டும். அதோடு, உறைபனி மாதங்களில் விடியற்காலை நான்கு முதல் ஏழு மணிவரை தடையில்லாத மும்முனை மின்சாரமும் வேண்டும். மானியத்தில் ஸ்பிரிங்ளர் வாங்கிய சிலருக்கும் மோட்டார் ஓடினால்தான் வெயில் வருமுன் இலைமேல் தண்ணீர் விழும்.