பிறேக் இல்லாத பெட்டிகள்

பெரும்போக அறுவடை தொடங்கியதும் உன்னிச்சை, ஆயித்தியமலை வயல்களின் நெல் வவுணதீவு வழியாக மட்டக்களப்பு நகரை நோக்கி வருகிறது. வயலிலிருந்து வலையிறவுப் பாலம் வரை அதைச் சுமப்பவை உழவு இயந்திரப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குப் பிறேக் இல்லை.

45 முதல் 50 குதிரைவலுக் கொண்ட உழவு இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 2 தொன். 65 கிலோ மூடைகளில் 60 ஏற்றினால் நெல் மட்டுமே 3.9 தொன், பெட்டியின் எடை அதற்கு மேல். தாழ்ந்த கியரில் இயந்திரம் இதை இழுத்துவிடும். இழுத்துவிடுவதால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்தும்போது அத்தனை சுமையையும் இயந்திரத்தின் இரண்டு பின்சில்லுகளே பிடித்து வைக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். இறக்கத்தில் பிறேக் இல்லாத பெட்டி இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. கொழுக்கியில் மடிந்து வீதிக்குக் குறுக்கே திரும்புகிறது.

ஏற்றும் முறையிலும் தவறு நடக்கிறது. ஓர் அச்சுப் பெட்டியில் பாரம் பின்பக்கம் கூடினால் கொழுக்கி மேலெழும்ப, இயந்திரத்தின் பின்சில்லுகள் பிடிமானத்தை இழக்கும். முன்பக்கம் அளவுக்கு மிஞ்சினால் இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தில் அழுந்தாமல் ஸ்டியரிங் பேச்சுக் கேளாது. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். இன்னொன்று: வயலில் திருப்புவதற்காக இடம், வலம் எனப் பிரிந்திருக்கும் பிறேக் மிதிகளை, வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கமாக இழுபடும். இதைச் சாரதிகளுக்கு முறையாகக் கற்பிக்க வேண்டும்.

விவசாயியைக் குற்றவாளியாக்குவதை இந்தப் பத்திரிகை ஏற்காது. அறுவடை இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை வெட்டித் தள்ளுகிறது. ஈர நெல்லை மழைக்கு விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு நடைக்கும் எரிபொருள் செலவு. ஆகவே பக்கப்பலகை உயர்கிறது, மூடைகள் கூடுகின்றன. பலகை உயர்ந்தாலும் பெட்டிக்குப் பிறேக் இல்லை.

இரவில் நிலைமை மோசம். பின்விளக்கோ ஒளிதெறிப்பானோ இல்லாத பெட்டி, இந்த வயல்கள் உள்ள படுவான்கரையின் இருண்ட வீதியில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு மோதும்வரை தெரியாது.

இதே பெட்டிகளில் மனிதர்களும் ஏற்றப்படுகிறார்கள். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது; மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே காரணம் வெள்ளம். ஆனால் சுமைக்கென்று செய்த பெட்டி பயணிகளுக்கான வாகனமாகப் புழங்குவதை அதற்கு முன்னரும் பின்னரும் யாரும் தடுக்கவில்லை.

பொறுப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. வாகனத்தைப் பதிவு செய்யும் அதிகாரம் பெட்டியின் அளவையும் பிறேக்கையும் பார்த்தே அனுமதி தர வேண்டும். வீதிப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அதிகாரம் ஆவணத்தோடு சுமையையும் விளக்கையும் கொழுக்கி ஆணியையும் சோதிக்க வேண்டும். விவசாயிகளோடு அன்றாடம் பழகும் நிர்வாகம், பிறேக் பொருத்துவதற்கான கடனை விதைப்புக் காலத்திலேயே ஒழுங்கு செய்ய வேண்டும். அறுவடை நடக்கும்போது எந்த இயந்திரத்தையும் வேலைத்தளத்தில் நிறுத்தி வைக்க இயலாது. ஏற்றக்கூடிய அதிகூடிய எடை ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் எழுதப்பட வேண்டும். இவை அடுத்த பெரும்போக நெல் வீதிக்கு வருமுன் முடிய வேண்டும்.