கை பட்டால் தீட்டா?

எங்கள் கோயமுத்தூரில் சமீப காலமாக ஒரு புதிய ஆசாரம் புகுந்திருக்கிறது. கார் வைத்திருப்பவன் அதில் உட்காரலாம், ஓட்டலாம், தவணை கட்டலாம், ஆயுத பூஜையன்று சந்தனம் தெளித்து எலுமிச்சம்பழம் நசுக்கலாம். ஆனால் பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விடக் கூடாது. விட்டால் தீட்டு. கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைகிற யோக்கியதை கம்பெனிச் சட்டை போட்டவருக்குத்தான் உண்டு. நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, பில் என்கிற பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வர வேண்டியது.

இந்த ஆசாரம் பொய் என்பது என் கட்சி. பொய் மட்டுமல்ல, இந்த ஊரின் பிழைப்புக்கே உலை வைக்கிற பொய். வெறும் ஆவேசத்தில் சொல்லவில்லை. பதினாலு வருஷம் ஓடிய ஒரு காரையும், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டே சொல்கிறேன்.

காரின் வியாதி இது. காலையில் எடுத்தால் சமர்த்தாக ஓடும். வெயிலில் அவிநாசி சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்தால், விளக்கை அணைத்த மாதிரி எஞ்சின் நின்றுவிடும். இருமல் இல்லை, விக்கல் இல்லை, ஒரே நிற்பு. இருபது நிமிஷம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காதது போல மறுபடி புறப்படும்.

பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து ஓர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். எஞ்சின் ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும். அப்படியும் குணமாகாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஆக மொத்தம் 41,000 ரூபாய். 'மாற்றிப் பார்க்க வேண்டும்' என்ற அந்தப் பிரயோகத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் அவர்கள், பணம் என்னுடையது.

"வண்டி எந்தக் கோளாறைக் காட்டுகிறது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கஸ்டமருக்குச் சொல்றதில்லீங்க சார்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. பதில்தான் இல்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறவர் ஒருவரிடம் அதே சங்கதியைச் சொன்னேன். காரைக்கூட அவர் பார்க்கவில்லை. "ஏனுங்க, நிக்கறப்ப ஆர்.பி.எம். முள்ளு சட்டுனு சைபருக்கு விழுகுதுங்களா? அப்ப கிராங்க் சென்சாராத்தானுங்க இருக்கும். ஒத்தை போல்ட்டுங்க. நீங்களே கழட்டிப் போட்டுக்கலாமுங்க" என்றார். வருகிற வேலையை வேண்டாமென்று தள்ளி, வழியும் சொல்லி அனுப்புகிற அந்த மனிதருக்குத்தான் நம்முடைய பாஷையில் 'அங்கீகாரம் இல்லாதவர்' என்று பெயர்!

கிராங்க் சென்சார் என்பது ரகசிய வித்தை ஒன்றுமில்லை. என் காரில் இருப்பது ஒரு சிறு காந்தம். அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள். அதற்கு எதிரே, எஞ்சினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுழல்கிறது. பல கார்களில் 60 பல்லுக்கு இடம் விட்டு, அதில் 2 பல்லை வேண்டுமென்றே இல்லாமல் செய்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் ஒரு மின்துடிப்பு எழும். பல் இல்லாத இடத்தில் தாளம் ஒரு கணம் தப்பும். அந்தத் தப்பிய தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான், தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பெட்ரோல் தெளிப்பதும் தீப்பொறி தட்டுவதும் அந்தக் கணக்கின்படியே. தாளம் நின்றால் எல்லாம் நிற்கும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த சுருளில் ஒரு விரிசல் விழுந்தால், சூடேறும்போது கம்பி விலகும். ஆறும்போது மறுபடி ஒட்டும். தோட்டத்து மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிற எவரிடம் சொன்னாலும் இது புரியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனையுள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ரீடரை அதில் செருகிக் கைப்பேசியில் பார்த்தேன். பி 0335 என்று வந்தது. கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். கஸ்டமருக்குச் சொல்லாத மகா மந்திரம் இதுதான். அந்தச் சாக்கெட் எந்தக் கம்பெனியும் மனமுவந்து செய்த தர்மம் அல்ல. புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் கொண்டுவந்த விதிகளால், 1996ஆம் வருஷ மாடலிலிருந்து அங்கே எல்லாக் கார்களுக்கும் அது பொதுவாயிற்று. பிற்பாடு நம் நாட்டிலும் புகை விதிகளோடு வந்து சேர்ந்தது. சட்டம் கேட்ட இடத்தில் ஒரு சாவித் துவாரம் வைத்தார்கள். கேட்காத இடமெல்லாம் சுவர்தான்.

அந்த எண் வந்துவிட்டதாலேயே சென்சாரைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. அறுந்த ஒயரும் தளர்ந்த இணைப்பும்கூட அதே எண்ணைக் காட்டும். ஒயரையும் இணைப்பையும் பார்த்தேன், பழுதில்லை. ஆறிய எஞ்சின், பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது என்பதால் இரண்டு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்தேன். 10ஆம் நம்பர் ஸ்பானரில் ஒரு போல்ட். ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்ததால் சென்சாரை மெல்லத் திருகித் திருகி இழுக்க வேண்டியிருந்தது. பிறகு பழைய சென்சாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கொதிக்கிற வெந்நீரில் இறக்கி மீட்டரை வைத்தேன். ஆறியிருந்தபோது 860 ஓம் காட்டிய மீட்டர், சூடேறியதும் ஒன்றும் காட்டவில்லை. கம்பி அறுந்த சுற்று என்று கையை விரித்துவிட்டது. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. புதுச் சென்சார் 1,150 ரூபாய். வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவிச் செருகி, போல்ட்டை அளவோடு முறுக்கி, பழைய எண்ணை ரீடரில் அழித்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு கோடை கழிந்துவிட்டது. கார் ஒரு தடவைகூட நடுவழியில் நிற்கவில்லை.

என் சாமர்த்தியத்தைப் பறைசாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஸ்பானர் பிடிக்கிற எவரும் செய்யக்கூடிய காரியம் இது. அப்படியானால் இதை ஏன் மூடி மறைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னைக் காட்டிலும் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் சாதனங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்து சந்தையை அடைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது என்றும், அந்த வேலையால் கெட்டுப்போன பகுதிக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு வருஷக்கணக்கில் நீண்டது. கம்பெனிகள் வக்கீல் வைத்து வாதாடியதில் எனக்கு ஆச்சரியமில்லை. இப்படி ஒரு தீர்ப்பு வந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது என்பதில்தான் ஆச்சரியம்.

"பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஏர்பேக்கைக் கிண்டாதே என்றால் கேட்டுக்கொள்கிறேன். மின்சாரக் காரின் பாட்டரியில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. பயிற்சி இல்லாதவன் அதைத் தொடக் கூடாது என்றால் அதற்கும் தலை வணங்குகிறேன். ஆனால் ஆபத்தான இடத்துக்குப் போட வேண்டிய பூட்டைக் கொண்டுவந்து ஒற்றைப் போல்ட் சென்சாருக்கும் போடுவது பாதுகாப்பு அல்ல, வியாபாரம்.

"சந்தையில் போலிச் சாமான் மலிந்திருக்கிறது" என்பது அடுத்த வாதம். மெய்தான். அசல் சாமானைக் கடையில் விற்காமல் பதுக்கி வைத்தால் அந்த இடத்தில் போலி வந்து உட்காரத்தானே செய்யும்? ரேஷன் காலத்தில் அரிசிக்கு நடந்தது இப்போது சென்சாருக்கு நடக்கிறது. போலிக்கு மருந்து, அசலை நியாய விலையில் எல்லாருக்கும் விற்பது.

இன்னும் சில நண்பர்கள், "அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் ஒரு கதை எழுதியிருக்கலாமே!" என்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி ஒரு கதைக்கு 40,000 ரூபாய் சன்மானம் கொடுக்கிற பத்திரிகை எங்கே இருக்கிறது என்று விலாசம் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.

கம்பெனிக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் பேனாவை மூடினால் பாதி நியாயம்தான் ஆகும். இந்தப் பூட்டுக்குப் பாதி இரும்பு நாம் கொடுத்தது. கையில் கிரீஸ் பட்டால் கௌரவம் குறைந்துவிட்டது என்று நினைக்கிற படித்த வர்க்கம் ஒன்று நம்மிடையே பெருத்திருக்கிறது. பிள்ளைக்கு லட்சக்கணக்கில் கட்டி எஞ்சினீயரிங் வாசிக்க வைப்பார்கள். அதே பிள்ளை பானெட்டைத் திறந்தால், "கண்ணு, அதெல்லாம் உனக்கெதுக்கு, மெக்கானிக் பார்த்துக்குவான்" என்பார்கள். 'பார்த்துக்குவான்' என்ற அந்த ஒருமையில் இருக்கிறது வியாதியின் வேர். செய்கிற கையைக் கீழே வைத்தோம். இப்போது செய்யத் தெரியாமல் நாம் கீழே நிற்கிறோம்.

இந்த ஊர் இப்படி உண்டான ஊரா? வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கி, ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியவர் ஜி. டி. நாயுடு. அந்தக் கைதான் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது. 1937இல் மின் மோட்டார் செய்து காட்டியது. 'உரிமையாளர் திறக்கக் கூடாது' என்று அந்த மோட்டார் சைக்கிளில் ஒரு சீட்டு ஒட்டியிருந்து, அவரும் கைகட்டி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கிணற்று மேட்டில் மோட்டார் வைத்த நம் குடியானவர், புட்வால்வு அடைத்துக்கொண்டால் கம்பெனிக்குக் கடிதமா எழுதினார்? தாமே கழற்றினார். கழற்றத் தெரிந்தவர்களுடைய பிள்ளைகள்தான் பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறை போட்டார்கள். பம்பு செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். இந்த ஊரில் தொழில் வளர்ந்தது திறந்து பார்த்ததால்.

சர்வீஸ் நிலையத்து இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ வாசித்தவராகத்தான் இருப்பார். திரை சொல்வதை வாசி, பெட்டியோடு மாற்று என்று மட்டும் பழக்கினால், பத்து வருஷத்தில் அவரிடம் என்ன தொழில் மிஞ்சும்? என்னிடம் பறித்தது பணம். அவரிடம் பறிப்பது வித்தை.

உலகம் இதற்குள் விழித்துக்கொண்டுவிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள், கார் பழுது பார்க்கும் தகவலை எல்லாப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும் என்று 2012இல் ஓட்டுப் போட்டே சொன்னார்கள். கொலராடோ மாகாணம் 2023இல் விவசாய யந்திரங்களுக்கு அதே உரிமையைச் சட்டமாக்கியது. நம் மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு வைத்தது; கார், கைப்பேசி, வீட்டுச் சாமான், பண்ணைக் கருவி நான்கையும் எடுத்துக்கொண்டது; அந்த டிசம்பரில் ஒரு வலைத்தளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் வலைத்தளம் சட்டமாகாது. விருப்பமுள்ள கம்பெனி விருப்பமுள்ளதைச் சொல்லும். விருப்பமில்லாததை யார் சொல்ல வைப்பது?

ஆகவே நான் கேட்பது பெரிய வரம் அல்ல. உதிரி பாகம் விலை போட்டுக் கடையில் கிடைக்க வேண்டும். பழுது பார்க்கும் கையேட்டை நியாயமான விலைக்கு எவருக்கும் கொடுக்க வேண்டும். சில கார்களில் புதுச் சென்சார் போட்ட பிறகு பல்சக்கரத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது; சாதாரண ரீடருக்கு அது எட்டுவதில்லை. அந்தக் கட்டளை சிங்காநல்லூர்த் தகரக் கொட்டகைக்கும் எட்ட வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரன் என்ன கோளாறு என்று கேட்டால், அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இவற்றைச் சட்டமாக எழுதட்டும். அதற்குப் பிறகு ஸ்பானரை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் இஷ்டம்.