சுவருக்கு வண்ணம் வந்தது, விலாசத்துக்கு?

சென்னை துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகர், 2000-ம் ஆண்டு முதல் நகரின் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, அன்றைய குடிசை மாற்று வாரியம் ஜனங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்!

விலாசத்தைச் சொன்னாலே, "ஓ, அந்த ஏரியாவா?" என்று வேலை கொடுக்கத் தயங்கினார்கள்.

2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில் காட்சி மாறியது. 'ஸ்டார்ட் இந்தியா' அமைப்பு மாநகராட்சியுடன் சேர்ந்து சுவர் ஓவியத் திருவிழா நடத்தியது. மாடி உயரத்துக்குப் படங்கள் எழுந்தன. டிக்கெட் கிடையாது, யாரும் பார்க்கலாம். ஒதுங்கிப் போனவர்கள் கேமராவும் கையுமாகத் தேடி வந்தார்கள்.

லாபம் யாருக்கு?

படம் பிடிக்க வருகிறவர் அரை மணியில் கிளம்பிவிடுவார். குடியிருப்பவருக்குத் தண்ணீர், பஸ், பக்கத்தில் வேலை வேண்டும். பெயிண்டு அதைக் கொடுக்காது.

ஆனால் கெட்ட பெயரைக் கொஞ்சம் சுரண்டி எடுத்திருக்கிறது. மீதியை ஊர்ப்பிள்ளைகளே எடுக்கிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடியவர் கார்த்திகா. 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அவரை அழைக்கிறார்கள். மறைத்த விலாசம் இன்று பெயருக்கு முன்னால்!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். காரை பெயர்ந்தால் ஓவியமும் போச்சு. அடுத்த திருவிழாவுக்கு முன், சுவருக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறவர்களைக் கவனிப்பது அரசின் பொறுப்பு.