‘விட’ என்கிற இரண்டு எழுத்து

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இங்கிலீஷ் பகுதியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “நாம தமிழ் மீடியம், நமக்கு வராது.” நான் இதை ஏற்பதில்லை. வாக்கியத் திருத்தக் கேள்விகளில், குறிப்பாக ஒப்பீட்டு வாக்கியங்களில், அவர்கள் தவறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. அவர்களுடைய தமிழ் சரியாக வேலை செய்வதுதான் காரணம்.

“மதுரையைவிடச் சென்னையின் மக்கள்தொகை அதிகம்.” தமிழில் இது குறையில்லாத வாக்கியம். ‘மதுரையின் மக்கள்தொகையைவிட’ என்று கேட்பவரே நிரப்பிக்கொள்வார். இதை அப்படியே இங்கிலீஷில் வைத்தால், ‘தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தன் மதுரை’. தேர்வில் இது தவறு. ஒரு பக்கம் மக்கள்தொகை நிற்கிறது, மறுபக்கம் ஊர் நிற்கிறது. ‘தன் தட் ஆஃப் மதுரை’ என்று இருக்க வேண்டும். ஒப்பிடும் பொருள் பன்மையாக இருந்தால் ‘தோஸ் ஆஃப்’.

பயிற்சி வகுப்புகளில் இதை ‘ட்ரிக்’ ஆக்கிவிடுகிறார்கள்: தன் வந்தால் பக்கத்தில் ‘தட் ஆஃப்’ இருக்கிறதா பார், இருந்தால் டிக் அடி. கேள்வி தயாரிப்பவருக்கும் இந்த ட்ரிக் தெரியும். ‘சென்னை இஸ் லார்ஜர் தன் தட் ஆஃப் மதுரை’ என்று ஒரு விடையை வைப்பார், பிள்ளை போய் விழும். இங்கே ஊரை ஊரோடுதான் ஒப்பிடுகிறோம், ‘தட் ஆஃப்’ தேவையே இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முதலில் தமிழில் முழுசாகச் சொல்லிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

‘அதர்’ என்ற சொல்லும் இப்படித்தான். “வரைவுக் குழுவிலேயே எல்லாரையும்விட அதிகம் படித்தவர் அம்பேத்கர்” என்று நாம் சொல்கிறோம். இங்கிலீஷில் ‘தன் எனி மெம்பர்’ என்று எழுதினால் அவர் அந்தக் குழுவில் இல்லாதவர் ஆகிவிடுகிறார். அவர் அதன் தலைவர். அதனால் ‘தன் எனி அதர் மெம்பர்’. இதை விளக்க நமக்கு வேறு உதாரணமே தேவையில்லை. “ஊர்லயே யாரையும்விட நல்லா படிச்ச பொண்ணு” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ‘ஊருக்குள்’ நம் காலனி இருக்கிறதா இல்லையா? உள்ளே இருந்தால் ‘அதர்’ போடணும். வெளியே நிறுத்தியிருந்தால் வேண்டாம். எந்தப் பிள்ளைக்கும் இது மறக்காது.

‘லைக் பெரியார், அம்பேத்கர்ஸ் ரைட்டிங்ஸ்...’ என்று தொடங்கினால் ஆளையும் எழுத்தையும் ஒப்பிட்டதாகிவிடும். ‘லைக் பெரியார், அம்பேத்கர்...’ என்று ஆளுக்கு ஆள் வையுங்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், ப்ரிஃபர் இவற்றுக்குப் பின்னால் ‘தன்’ வராது, ‘டு’. இதை மனப்பாடம் செய்தால் போதும்.

இந்தக் கேள்விகளே ஒரு வடிகட்டி, இதைப் படிப்பதைவிட எதிர்ப்பதுதான் வேலை என்று சில தோழர்கள் சொல்வார்கள். வடிகட்டிதான், மறுக்கவில்லை. எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் 200 மதிப்பெண்ணுக்கு 50 இங்கிலீஷுக்கு. ஒரு தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். வீட்டிலேயே இங்கிலீஷ் கேட்டு வளர்ந்த பிள்ளை இலக்கணம் தெரியாமல் காதை வைத்தே சரியான விடையைத் தொட்டுவிடும். இந்த அநியாயத்தைப் பேசுவோம். அதுவரை நம் தங்கைகள், தம்பிகள் விண்ணப்பம் போடாமல் உட்கார்ந்திருக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “அவன் என்னைவிடக் கம்மி மார்க், ஆனா சீட் அவனுக்கு” என்று கல்லூரியில் கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு வைத்ததாகத் தோன்றும். ஒருவருடையதில் டியூஷன், தனி அறை, படித்த பெற்றோர் எல்லாம் சேர்ந்திருக்கும். இன்னொருவருடையதில் காலையில் தண்ணீர் பிடித்த நேரமும் சாயங்காலம் வேலைக்குப் போன நேரமும் கழிந்திருக்கும். இடையில் விழுங்கப்பட்ட ‘தட் ஆஃப்’ எது என்று திருப்பிக் கேளுங்கள்.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் கேள்வித்தாளை எடுப்பதற்கு முன், ‘விட’ வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதை அவர்களே நிரப்பட்டும். இங்கிலீஷுக்கு அதற்கப்புறம் போகலாம்.